பல்டி அடித்த சூர்யா

போன இதழில், ஒரு காலத்தில் தடை செய்து பிறகு அனுமதித்த விளையாட்டு அசைவுகள் பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்லும்போது, சூர்யா போனாலி என்ற பிரெஞ்சு ஃபிகர் ஸ்கேட்டரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 1998 ஒலிம்பிக்கில் ஐஸ் மேல் பின்னோக்கிப் பல்டி அடித்து ஒற்றைக் காலில் இறங்கியவர். அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப சந்தோஷம். அதனால் இந்த இதழில் பக்கம் முழுக்க அவருக்குத்தான். கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூர்யா என்று பெயர் இருக்கிறதே, நம் ஆளா? ரீயூனியன் தீவுத் தமிழ்க் குடும்பம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது, உண்மையா சார்?
*பெரம்பூர் வாசகர்*

இல்லை. சூர்யா பிறந்தது 1973 டிசம்பர் 15, தெற்கு பிரான்ஸில் இருக்கும் நீஸ் நகரத்தில். எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போது சூசன், ஜார்ஜ் போனாலி என்ற தம்பதி தத்தெடுத்தார்கள். இருவரும் வெள்ளையர்கள், குழந்தை கறுப்பினக் குழந்தை. சூர்யா என்று பெயர் வைத்தது இவர்கள்தான்.

ரீயூனியன் கதை வாட்ஸ்அப்பில் பிறந்ததல்ல, அதற்கு வயது அதிகம். சூர்யா சின்னப் பெண்ணாக இருந்தபோது பயிற்சியாளராக இருந்த டிடியே கயாகே என்பவர், ரீயூனியன் தீவில் பிறந்த பெண் என்று சொன்னால் பத்திரிகைக்காரர்கள் ஆர்வமாக எழுதுவார்கள் என்று நினைத்து அப்படியே சொல்லிவிட்டார். அவர்களும் எழுதினார்கள். அந்தத் தீவில் தமிழ் வம்சாவளி மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இவர் பெயரோ சூர்யா, இரண்டையும் யாரோ முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் பிறப்பையே விளம்பரத்துக்காக மாற்றிச் சொன்னது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். இந்த கயாகே பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருவார்.

இவரை உருவாக்கியது யார்? அப்பா அம்மா ஸ்கேட்டர்களா?
*தாம்பரம் வாசகி*

அம்மா சூசன் உடற்பயிற்சி ஆசிரியை. மற்ற பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கப் போகும்போது இந்தக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனார், நடை பழகிய கையோடு ஐஸும் பழகிவிட்டது. ஆனால் சூர்யாவைப் புரிந்துகொள்ள ஸ்கேட்டிங்கை மட்டும் பார்த்தால் போதாது. அவர் ஜிம்னாஸ்டிக்ஸும் கற்றவர், அதிலும் டம்ப்ளிங், அதாவது நீளமான பாய் மேல் ஓடிவந்து அடுத்தடுத்துப் பல்டியாக அடித்துக்கொண்டே போகிற போட்டி. அதில் உலகப் போட்டி வரைக்கும் போனார். பிறகு ஐஸ் மேல் அவர் காட்டிய துணிச்சலெல்லாம் இந்தப் பாயில் கற்றது.

கயாகே கண்ணில் பட்ட பிறகு குடும்பமே பாரிஸ் பக்கம் குடிபெயர்ந்தது. படிப்பு வீட்டிலேயே. சாப்பாடு தானியமும் காய்கறியும்தான். 1992-க்குப் பிறகு கயாகேவை விட்டு விலகினார்கள், அதன்பின் பயிற்சியில் அம்மாவின் கைதான் ஓங்கியிருந்தது. அம்மாவே பயிற்சியாளராக இருப்பதைப் பத்திரிகைகள் ரொம்பக் கிண்டல் செய்தன. அப்பாவே பயிற்சியாளராக இருக்கும் எத்தனையோ விளையாட்டு வீரர்களை இதே பத்திரிகைகள் கொண்டாடியதைப் பார்த்திருக்கிறோம்.

சாம்பியன் சாம்பியன் என்கிறீர்கள், ஆனால் உலகப் பட்டம் ஒன்றுகூட இல்லையே?
*கொளத்தூர் வாசகர்*

சரியான கேள்வி. முதலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். 1989 முதல் 1997 வரை ஒரு வருடம்கூட விடாமல் ஒன்பது முறை பிரான்ஸ் சாம்பியன். 1991-ல் ஜூனியர் உலக சாம்பியன். 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன். 1992-ல் பிரான்ஸ் நாட்டு ஆல்பர்வில் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, தொடக்க விழாவில் எல்லா வீரர்கள் சார்பாகவும் உறுதிமொழி வாசித்தது பதினெட்டு வயது சூர்யாதான். ஐரோப்பாவை ஐந்து வருடம் கட்டி ஆண்டவரை சாம்பியன் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

உலகப் போட்டியில் மட்டும் மூன்று முறை வெள்ளியோடு நின்றுவிட்டது. 1993-ல் பிராகில் உக்ரைனின் ஒக்சானா பையுலுக்குப் பின்னால், அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினைந்து வயது. 1994-ல் ஜப்பானின் சிபா நகரில் யுகா சாடோவுக்குப் பின்னால். 1995-ல் பர்மிங்ஹாமில் சீனாவின் சென் லூவுக்குப் பின்னால். மூன்று வருடம், மூன்று வேறு வேறு ஆட்கள், இவருக்கு மட்டும் அதே இரண்டாம் இடம்.

இதில் சிபா கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய மாதம்தான் லில்லேஹாமர் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்து பதக்கத்தைத் தவறவிட்டிருந்தார். ஒலிம்பிக்கில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் சிபாவுக்கு வரவில்லை, அதனால் இந்த முறை தங்கம் தனக்குத்தான் என்று நினைத்ததில் தப்பே இல்லை. அப்போதெல்லாம் ஆறு மதிப்பெண்ணுக்கு மார்க் போடும் முறை: தொழில்நுட்பத்துக்கு ஒரு மார்க், அழகுணர்ச்சிக்கு ஒரு மார்க், ஒன்பது நடுவர்கள், ஒவ்வொருவரும் யாரை முதலாவதாக வைக்கிறார் என்பதை வைத்து முடிவு. ஐந்து பேர் சாடோவை முதலில் வைத்தார்கள், நான்கு பேர் சூர்யாவை. ஒரே ஒரு நடுவர்தான் வித்தியாசம்.

பரிசளிப்பின்போது சூர்யா மேடையில் ஏறாமல் பக்கத்திலேயே, தரையில் நின்றார். அழுதுகொண்டிருந்தார். அதிகாரி ஒருவர் கையைப் பிடித்து மேடைக்கு இழுக்கவேண்டி வந்தது. கழுத்தில் வெள்ளியைப் போட்டார்கள், போட்ட வேகத்தில் கழற்றிவிட்டார். அரங்கில் கூச்சல். அந்த ஒரு படம் உலகம் முழுக்கப் போனது, இருபது வயதுப் பெண்ணுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கிக் கொடுத்தது.

என் கருத்தைக் கேட்டால், சாடோ ஜெயித்தது நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சாடோவின் காலடி வேலையைப் பார்த்தால் தெரியும், பிளேடு ஐஸில் உரசும் சத்தம்கூட இல்லாமல் வளைந்து வளைந்து போவார், அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. சூர்யாவிடம் அது கிடையாது. ஒரு தாவலுக்கும் அடுத்த தாவலுக்கும் நடுவில் அவர் சும்மா ஓடி வேகம் எடுப்பது கண்ணுக்குத் தெரியும். பதக்கத்தைக் கழற்றியதும் சாடோவுக்குச் செய்த மரியாதை ஆகாது, அது அவர் சொந்த மண்ணில் அவர் ஜெயித்த நாள். ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தை வைத்து ஒரு வாழ்க்கையையே எடைபோட்டதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நிறம்தான் காரணமா? மழுப்பாமல் சொல்லவும்.
*ராயபுரம் வாசகி*

மழுப்பவில்லை அம்மா. நிறம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது சூர்யாவின் ஆட்டத்தை ஒழுங்காகப் பார்க்காதவர் பேச்சு. நிறத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் அது அந்த விளையாட்டையே பார்க்காதவர் பேச்சு.

இந்த விளையாட்டில் கறுப்பினப் பெண்கள் ஜெயித்ததே இல்லை என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவின் டெபி தாமஸ் 1986-ல் உலக சாம்பியன், 1988 கால்கரி ஒலிம்பிக்கில் வெண்கலம், குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். ஆனால் அந்த அழகுணர்ச்சி மார்க் இருக்கிறதே, அதில்தான் எல்லாம் ஒளிந்துகொண்டது. தாவல் முழுதாகச் சுற்றியதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்கலாம், வாதாடலாம். 'இவர் ஆட்டத்தில் நளினம் போதாது' என்று நடுவர் நினைத்தால் அதை எந்த வாதத்தால் மறுப்பீர்கள்? ஒல்லியாக, வெளிர் நிறத்தில், பாலே நாட்டியக்காரி மாதிரி இருப்பவர்தான் நளினம் என்று பல வருடம் பழகிய கண்கள் அவை. தொடையும் தோளும் திரண்ட, ஜிம்னாஸ்ட் உடம்பு கொண்ட கறுப்பினப் பெண் வந்து நின்றபோது, பலம், சக்தி, வேகம் என்று பாராட்டினார்கள், அழகு என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் காலத்து மார்க் முறை எவ்வளவு சுத்தம் என்பது 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கில் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஜோடிப் போட்டியில் பிரெஞ்சு நடுவர் தனக்கு நெருக்கடி கொடுத்தார்கள் என்று சொல்ல, பெரிய ரகளையாகி, கடைசியில் ஜெயித்த ரஷ்ய ஜோடியோடு கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் கொடுத்தார்கள். அந்த நடுவரோடு சேர்த்து மூன்று வருடம் தடை வாங்கியவர், பிரெஞ்சு ஸ்கேட்டிங் சங்கத்தின் தலைவர். பெயர் டிடியே கயாகே. அவரேதான்.

அந்த ஆறு மார்க் முறையையே தூக்கிவிட்டு, 2004-லிருந்து ஒவ்வொரு தாவலுக்கும் தனித்தனி மதிப்பு, வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் குழு என்று கொண்டுவந்தார்கள். புது முறையில் சூர்யா ஜெயித்திருப்பாரா என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். கடினமான தாவல்களுக்கு நிறைய மதிப்பெண் கிடைத்திருக்கும், அதே வீடியோவில் அவர் சுற்றை முழுதாக முடிக்காத இடங்களும் மாட்டியிருக்கும். ஏன் தோற்றோம் என்று கையில் ஒரு தாளாவது கிடைத்திருக்கும், அது பெரிய விஷயம்.

நான்கு சுற்றுத் தாவலை முதலில் செய்த பெண் இவர்தான் என்கிறார்களே?
*வேளச்சேரி வாசகர்*

முயன்றார், ஆல்பர்வில் ஒலிம்பிக்கிலேயே முயன்றார். சுற்று முழுதாக முடியாததால் கணக்கில் வரவில்லை. கணக்கில் ஏறிய முதல் பெண் ஜப்பானின் மிகி ஆண்டோ, 2002-ல். பத்து வருட இடைவெளி. ஆல்பர்வில்லில் சூர்யாவுக்கு ஐந்தாம் இடம்.

அந்த பேக்ஃப்ளிப்பை விளக்கமாகச் சொல்லுங்கள். அதை ஏன் தடை செய்தார்கள்? தடை என்று தெரிந்தே ஏன் செய்தார்?
*அண்ணாநகர், திருவான்மியூர், மேற்கு மாம்பலம் வாசகர்கள்*

பெசன்ட் நகர் கடற்கரையில் சாயங்காலம் பையன்கள் ஓடிவந்து பல்டி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே மணல், கால் புதையும், தப்பினாலும் முதுகில் மணல் ஒட்டுவதோடு சரி. இப்போது மணலை எடுத்துவிட்டு கல் மாதிரி இறுகிய ஐஸைப் போடுங்கள். வெறும் காலுக்குப் பதில் நாலு மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகு பிளேடு. ஓடிவர முடியாது, பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே வரவேண்டும். பிளேடின் முன்முனையில் ரம்பப் பல் மாதிரி வெட்டுகள் இருக்கும், அதை ஐஸில் குத்தி, முழங்காலை மடக்கி, கையை மேலே வீசித் தூக்கினால், தலை ஐஸுக்கு நேர் மேலே தொங்கியபடி உடம்பு சுழலும். மற்றவர்கள் இரண்டு காலையும் சேர்த்து இறங்குவார்கள். சூர்யா காற்றிலேயே இரண்டு காலையும் கத்தரி மாதிரி விரித்து, ஒரு காலில் மட்டும் இறங்கி, அப்படியே பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போவார்.

ஒலிம்பிக்கில் முதலில் பல்டி அடித்தவர் அமெரிக்காவின் டெர்ரி குபிக்கா, 1976 இன்ஸ்புருக்கில். அதன் பிறகுதான் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தடை போட்டது. ஒன்று, ஆபத்து. இரண்டு, ஃபிகர் ஸ்கேட்டிங் தாவல் என்றால் ஒரு காலில் இறங்கவேண்டும், பல்டியில் இரண்டு கால் வருகிறது. இரண்டாவது காரணத்துக்கு சூர்யா தன் காலாலேயே பதில் சொல்லிவிட்டார்.

1998 நாகானோ ஒலிம்பிக்குக்கு வருவோம். 1996-ல் அவருக்குக் குதிகால் தசைநார் அறுந்துவிட்டது, தாவிப் பிழைக்கும் ஆட்டக்காரருக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. திரும்பி வந்தார், ஆனால் பழைய உயரம் வரவில்லை. நாகானோவில் முதல் சுற்றில் ஆறாம் இடம். இரண்டாவது சுற்றில் உடம்பு ஒத்துழைக்கவில்லை, விழுந்தார், பதக்கம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. இருபத்து நான்கு வயது, இதுதான் கடைசி ஒலிம்பிக். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பல்டியை அடித்தார், ஒற்றைக் காலில் இறங்கினார். அரங்கம் எழுந்தது, மார்க் குறைந்தது, மொத்தத்தில் பத்தாம் இடம்.

கோபத்தில் செய்தார், நடுவர்களைப் பழிவாங்கினார் என்றெல்லாம் எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. கோபத்தில் அந்தப் பல்டியை அடிக்க முடியாது, கழுத்து முறிந்துவிடும். தாவும் நொடியில் மனசு அவ்வளவு தெளிவாக இருந்தால்தான் ஒரு பிளேடில் இறங்க முடியும். பார்க்க வந்த ஜனங்களுக்குத் தன்னிடம் இருந்ததிலேயே சிறந்ததைக் கொடுத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்தத் தடை இருக்கிறதா?
*பல்லாவரம் வாசகர்*

இல்லை. 2024 ஜனவரியில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் பிரான்ஸின் ஆடம் சியாவோ ஹிம் ஃபா, மார்க் குறைத்தாலும் பரவாயில்லை என்று பல்டி அடித்தார், அடித்தும் சாம்பியன் ஆனார். அதே வருடம் உலகப் போட்டியிலும் அடித்து வெண்கலம் வாங்கினார். அந்த ஜூனில் லாஸ் வேகாஸில் கூடிய சர்வதேச சங்கம் தடையை நீக்கிவிட்டது. இருபத்தாறு வருடம் கழித்து அதே பல்டிக்கு இன்னொரு தலைமுறை கைதட்டு வாங்குகிறது. சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு முறை யாராவது பல்டி அடிக்கும்போதும் வர்ணனையாளர்கள் சூர்யா பெயரைச் சொல்லவேண்டும், சொல்லாதபோது எனக்கு மனசு கேட்பதில்லை.

சூர்யா 1998-க்குப் பிறகு தொழில்முறை நிகழ்ச்சிகளில் ஆடினார். அங்கே பல்டிக்குத் தடை இல்லை. 2004-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார், பயிற்சியாளரானார்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஐஸ் ஸ்கேட்டிங்தான் வேண்டும் என்கிறாள். சென்னையில் வழி உண்டா?
*மயிலாப்பூர் வாசகி, பாட்டி*

பாட்டிம்மா, போட்டிக்கு முறையாகப் பழகப் போட்டி அளவு ரிங்க், அதாவது ஐஸ் தளம் இருந்தால் நல்லது, அறுபது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம். தீம் பார்க்கில் இருக்கும் பனி அறை விளையாட மட்டும்தான், அதை நம்பி ஷூ வாங்கிவிடாதீர்கள். சிம்லாவில் குளிர்காலத்தில் மட்டும் இயற்கையாக உறையும் பழைய ரிங்க் இருக்கிறது, டேராடூனில் 2011 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டியது ஒன்று இருக்கிறது. சென்னைப் பிள்ளைக்கு இரண்டுமே தூரம்.

ஆனால் சக்கரம் இருக்கிறதே! ரோலர் ஸ்கேட்டிங்கில் ஆர்ட்டிஸ்டிக் என்று ஒரு பிரிவு, ஐஸில் இருக்கும் ஆக்சல், சால்கோ, லட்ஸ் தாவல்கள் அதே பெயரில் அதிலும் உண்டு. கடைக்குப் போனால் வரிசையாக நாலு சக்கரம் இருக்கும் இன்லைனைத்தான் முதலில் காட்டுவார்கள், நம்மூரில் எல்லோரும் வேக ஓட்டத்துக்குப் போவதால். ஆர்ட்டிஸ்டிக்குக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரமும், நுனியில் பிரேக் கட்டையும் இருக்கும் குவாட் ஷூ வேண்டும். பயிற்சியாளரிடம் முதலிலேயே, ஆர்ட்டிஸ்டிக் சொல்லித்தருவீர்களா, ஸ்பீடு மட்டும்தானா என்று கேட்டுவிடுங்கள். ஹெல்மெட், முழங்கால் பேட், மணிக்கட்டு கார்டு மூன்றும் இல்லாமல் ரிங்கில் இறக்கவேண்டாம்.

வேக ஓட்டம் பிடித்துப்போனாலும் நல்லதுதான். நம் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் 1000 மீட்டரில் தங்கம் வாங்கினார், அந்தப் போட்டியின் சீனியர் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் ரிலே வெண்கலம் வாங்கிய பெண்கள் அணியில் நம் ஊர் ஆரத்தி கஸ்தூரி ராஜும் இருந்தார். பேத்திக்கு இவர்கள் இருவரையும் காட்டுங்கள்.

சூர்யாவை யூடியூபில் பார்க்க ஆசை. எதில் ஆரம்பிக்க?
*அம்பத்தூர் வாசகர்*

நாகானோ பல்டியை எல்லோரும் முதலில் பார்ப்பார்கள், நீங்கள் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1993 பிராகில் தொடங்குங்கள், உடம்பில் அடிபடாத சூர்யா அங்கேதான் இருக்கிறார், தாவல்களின் உயரத்தைப் பாருங்கள். அடுத்து சிபா. சூர்யாவின் ஆட்டம் முடிந்த கையோடு யுகா சாடோவின் ஆட்டத்தையும் முழுதாகப் பார்க்கவேண்டும், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். முதல் முறை சத்தத்தோடு பாருங்கள், இரண்டாவது முறை வர்ணனையை மியூட்டில் போட்டுவிட்டு இருவரின் காலை மட்டும் பாருங்கள். நீங்கள் பத்தாவது நடுவராக இருந்தால் யாரை முதலில் வைப்பீர்கள், ஏன் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன், கிரிக்கெட்டுக்கு முன்னாலேயே.